“இன்னொரு பார்ட்டி இருக்கு சார்” – விலை பேசும்போது ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

வாடகைக்காரன் | செவ்வாய், இரவு 10:40

வணக்கம் மக்களே. பதினோரு வருஷம் வாடகை வீட்ல இருந்துட்டு இப்பதான் ஒரு வீடு மனசுக்குப் பிடிச்ச மாதிரி அமைஞ்சிருக்கு. ஓனர் நேர்ல பேசறதில்லை, எல்லாம் ஏஜென்ட் வழியாத்தான். அங்கதான் எனக்குத் தலை சுத்துது.

தொகையை இங்க போட விருப்பமில்லை. கேட்கிற விலையை 100ன்னு வச்சுக்கோங்க. வீட்டைக் காட்டறதுக்கு முன்னாடி ஏஜென்ட் சொன்னது: “சும்மா வந்து பாருங்க, பிடிச்சிருந்தா உக்காந்து பேசிக்கலாம், ஓனர் நல்ல மனுஷன்.” பார்த்தோம், பிடிச்சது, 90ன்னு ஆரம்பிச்சேன். அந்த நல்ல மனுஷன் ஒரே ராத்திரியில கறார் பேர்வழி ஆயிட்டார். “90ன்னு போய்ச் சொன்னா என்னையே வெளிய போன்னுடுவார் சார்.” இன்னைக்குக் காலையில பார்த்தா இன்னொருத்தர் என்னைவிட அதிகமா கேட்டிருக்காராம். நான் 98க்கு வந்தா இன்னைக்கே முடிச்சுத் தர்றாராம்.

அந்த இன்னொருத்தர் நிஜமாவே இருக்காரா, இல்லை ஏஜென்ட்டோட சட்டைப் பையில இருக்காரா? வீட்டம்மா, “பேரம் பேசிப் பேசியே வீட்டை விட்டுடாதீங்க”ன்றாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சும்மா_ஒருவன் | செவ்வாய், இரவு 10:52

தரகர் வாயில வர்ற முதல் பொய் “இன்னொரு பார்ட்டி”. ரெண்டாவது பொய் “இதுல எனக்கு ஒண்ணுமில்லை சார்”. 90லயே நில்லுங்க. இழையைப் பூட்டிடலாம்.

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 11:15

பூட்ட வேண்டாம். வாடகைக்காரன், ரெண்டு கேள்வி. இன்னொருத்தர் அதிகம் கேட்டார்னு அவர் சொன்னது போன்லயா, எழுத்துலயா? எழுத்துன்னா அப்படியே இங்க போடுங்க, உங்க வார்த்தையில வேண்டாம். அடுத்தது, வீட்டைப் பார்க்கப் போன அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் அங்க என்ன பேசினீங்க?

வாடகைக்காரன் | செவ்வாய், இரவு 11:31

வாட்ஸப்லதான். அப்படியே போடறேன்: “சார், இன்னொரு பார்ட்டியும் சீரியஸா இருக்காங்க. ஓனர்கிட்ட பேசிட்டு இருக்காங்க. நீங்க 98 வந்தீங்கன்னா இன்னைக்கே முடிச்சுக் குடுத்துடுறேன். லேட் பண்ணாதீங்க.”

வீட்டைப் பார்த்த அன்னைக்கு நான் முகத்தைக் கல்லு மாதிரிதான் வச்சிருந்தேன். “வெளிச்சம் கம்மி”, “சமையல்கட்டு சின்னது”ன்னு சொல்லிட்டே வந்தேன். ஆனா உள் ரூம்ல வீட்டம்மா சுவரோரமா குனிஞ்சு சாண் போட ஆரம்பிச்சாங்க. ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணிக்கிட்டே. “பத்துச் சாண் வருது, கட்டில் இங்கயே போட்டுடலாம், ஜன்னல் காலடியில வரும்.” ஏஜென்ட் நிலைப்படியில சாஞ்சு நின்னு பார்த்துட்டு இருந்தார். “டேப் வேணுமா மேடம்?”னு கேட்டார். ரொம்பப் பணிவாத்தான் கேட்டார்.

சும்மா_ஒருவன் | செவ்வாய், இரவு 11:34

அந்த நிமிஷமே வீடு வித்தாச்சு. மிச்சமெல்லாம் ஃபார்மாலிட்டி.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 6:20

நேற்று இரவே எழுத வேண்டும் என்று நினைத்தேன், தூக்கம் வந்துவிட்டது. ஏஜென்ட் பொய் சொல்கிறாரா என்று கேட்பதை விட, அவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பது சுலபம்.

கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 90க்கு முடிந்தால் அவருக்கு 1.80. 98க்கு முடிந்தால் 1.96. உங்களுக்கு 8 போகிற இடத்தில் அவருக்குக் கூடுதலாக வருவது 0.16. அதிலும் அலுவலகத்துக்குப் பங்கு, கூடக் கூட்டிவந்தவருக்குப் பங்கு. இந்த 0.16க்காக ஒருவர் உட்கார்ந்து சதி செய்வாரா? மாட்டார். அவருக்கு வேண்டியது அந்த 1.80. அது இந்த வாரமே கைக்கு வர வேண்டும், இன்னும் இருபது பேருக்குக் கதவைத் திறந்து காட்டாமல் வர வேண்டும். அவர் கவலை விலையைப் பற்றியது இல்லை, முடிப்பதைப் பற்றியது.

அப்படியானால் ஏன் உங்களை ஏற்றுகிறார்? 90க்கும் 100க்கும் நடுவே ஒரு பள்ளம். யாராவது ஒருவர் நகர்ந்தால்தான் பள்ளம் மூடும். ஓனர் நகர மாட்டேன் என்கிறார். நீங்கள் கட்டிலுக்குச் சாண் போட்டுவிட்டீர்கள். இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான். நாளைக்கே ஓனருக்கு அவசரப் பணத்தேவை வந்தால் இதே ஏஜென்ட் இதே குரலில் அவரை இறக்குவார். “சார், இந்தப் பார்ட்டியும் போயிட்டா அப்புறம் ஆறு மாசம் ஆகும்” என்பார்.

இது என் கற்பனை இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் விற்ற ஏறக்குறைய 1 லட்சம் வீடுகளின் கணக்கை எடுத்தார்கள். அவற்றில் மூவாயிரத்துச் சொச்சம், ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டையே விற்றவை. 2008இல் வெளியான அந்த ஆய்வில், சொந்த வீட்டை விற்கும்போது ஏஜென்ட்டுகள் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். அடுத்தவர் வீடு என்றால் அந்தப் பொறுமை இல்லை. முழு லாபமும் தனக்கு என்றால் காத்திருக்கத் தோன்றும், நூற்றில் இரண்டு என்றால் தோன்றாது. திருட்டுப் புத்தி என்று இதைச் சொல்ல மாட்டேன். அந்தக் கூலி முறைக்கு யார் வந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்.

ஆகவே ஏமாறுவது வாங்குபவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். விற்பவர் கதை இதைவிட மோசம்.

நிலாமுற்றம் | புதன், காலை 8:05

விற்பவர் கதையை நான் சொல்கிறேன், என்னிடம் ஒன்று இருக்கிறது.

அம்மா காலமான பிறகு அவங்க வீட்டை விற்க வேண்டி வந்தது. மூணு ஏஜென்ட்டைக் கூப்பிட்டு விலை கேட்டேன். ரெண்டு பேர் ஏறக்குறைய ஒரே விலை சொன்னாங்க. மூணாவது ஆள் அதைவிடப் பத்து சதவீதம் அதிகம் சொன்னார். எனக்குச் சந்தோஷம், அவரிடமே கொடுத்தேன். ஆறு மாசத்துக்கு வேற யாரிடமும் தரக் கூடாதுன்னு கையெழுத்தும் போட்டேன்.

கையெழுத்து போட்ட மூணாவது வாரத்திலிருந்து போன் வர ஆரம்பிச்சது. “மேடம், பார்த்துட்டுப் போனவங்க எல்லாம் விலை ஜாஸ்திங்கறாங்க.” அப்புறம் “தெருவுல இன்னொரு வீடு விலைக்கு வந்துடுச்சு.” அப்புறம் “பூட்டியே கிடந்தா வீடு கெட்டுப் போயிடும் மேடம்.” அந்தக் கடைசி வாக்கியம் என்னை அடிச்சது. அம்மா இருந்தவரை தினமும் பெருக்கித் துடைச்ச வீடு அது. அஞ்சாம் மாசம், முதல்ல மத்த ரெண்டு பேர் சொன்ன விலையைவிடவும் கீழே ஒருத்தருக்குச் சம்மதிச்சேன்.

பத்திரம் பதியற அன்னைக்கு நல்ல வெயில். வாங்கினவர் பின்னாடி திரும்பி, “மாமா, அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க”ன்னார். பாட்டிலை எடுத்து நீட்டினது நம்ம ஏஜென்ட்.

அன்னைக்கு நான் ஒண்ணும் கேட்கலை. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். இன்னைக்கு வரை என்மேலதான் கோபம்.

ஈரச்சுவர் | புதன், காலை 8:40

ஐயோ.

கடைசிப்படி | புதன், காலை 9:12

சும்மா_ஒருவன் சொல்ற மாதிரி நானும் ஒரு தடவை “எல்லாம் பொய்”னு நின்னேன். அந்த ஏஜென்ட்டும் இன்னொருத்தர் இருக்கார்னார். சிரிச்சுக்கிட்டே, “அப்ப அவருக்கே குடுங்க”ன்னேன். குடுத்துட்டார். இப்பவும் ஆபீஸ் போற வழியில அந்த வீட்டைத் தாண்டித்தான் போறேன். பால்கனியில துணி காயுது.

பழைய_தரகர் | புதன், மதியம் 1:50

சாப்பிட்டுட்டு உக்காந்து முழுசா படிச்சேன். இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருந்தவன், இப்ப பையன் பார்த்துக்கறான். திட்டறவங்க திட்டிக்கோங்க, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு யாராவது சொல்லணும் இல்லையா?

கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு சரி. இன்னும் ஒண்ணு சேர்த்துக்கோங்க. வாங்கறவரை ஏத்தறதுக்கு நான் செலவழிச்ச நேரத்தைவிட, விக்கறவரை இறக்கறதுக்குச் செலவழிச்ச நேரம் நாலு மடங்கு இருக்கும். பெரும்பாலும் ஓனர் மனசுல இருக்கிற விலை ஊர்ல இல்லாத விலையா இருக்கும். அவர் போட்ட கிரானைட்டுக்கும் வளர்த்த மாமரத்துக்கும் சேர்த்து விலை வச்சிருப்பார். “குறைங்க”ன்னு நேரா சொன்னா வேற ஆள்கிட்டப் போயிடுவார். அதனால வாங்கவே மாட்டாங்கன்னு தெரிஞ்ச ரெண்டு பேரை முதல்ல கூட்டிட்டுப் போவேன். அவங்க முகம் சுளிக்கறதை ஓனர் பார்க்கணும். அதுக்கப்புறம் மூணாவதா கூட்டிட்டுப் போறவர்தான் நிஜமா வாங்கற ஆள். இதை எங்களுக்குள்ள “ஓனரைப் பதப்படுத்தறது”ன்னு சொல்லிக்குவோம்.

நிலாமுற்றம் அம்மா, உங்களுக்கு நடந்தது அதுல சேராது. தன் ஆளுக்கு வாங்கறோம்னா முதல்லயே சொல்லிடணும். சொல்லாம செஞ்சவன் தரகனே இல்லை. அந்த மாதிரி ஆளுங்களால எங்க எல்லார் மேலயும் சேறு.

இன்னொரு பார்ட்டி விஷயத்துக்கு வர்றேன். ஆரம்பத்துல நானும் இல்லாத பார்ட்டியை உண்டாக்கியிருக்கேன், மறைக்கலை. ஒரு தடவை வாங்கறவரே, “சரி, அவங்களை வரச் சொல்லுங்க, மூணு பேரும் உக்காந்து பேசுவோம்”னுட்டார். எனக்கு வேர்த்துப் போச்சு. அதுக்கப்புறம் விட்டுட்டேன். பொய்யே தேவைப்படறதில்லை தம்பி. நல்ல வீட்டுக்கு யாராவது ஒருத்தர் எப்பவும் கேட்டுட்டுத்தான் இருப்பாங்க. இருக்கிறதைப் பாதி சொன்னாலே போதும், மீதியை வாங்கறவரே நிரப்பிக்குவார்.

இன்னொரு பக்கமும் கேளுங்க. ஒரு வீட்டுக்குப் பதினாலு பேரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். பெட்ரோல் என்னது, ஞாயித்துக்கிழமை என்னது. கடைசியில வாங்கறவரும் விக்கறவரும் எனக்குத் தெரியாம ஒரு டீக்கடையில உக்காந்து முடிச்சுக்குவாங்க. கமிஷன் கேட்டுப் போனா, “நீ என்ன பண்ணே, கதவைத் தானே திறந்தே?”ம்பாங்க. நாங்க அவசரப்படறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆறப்போட்டா எங்களை வெட்டி விட்டுடுவாங்க.

வாடகைக்காரன் தம்பி, உங்க உச்ச விலை எவ்வளவுன்னு ஏஜென்ட்கிட்ட சொல்லாதீங்க. “எனக்கு மட்டும் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்”னு கேட்பார். நானும் கேட்டிருக்கேன். அவர் கெட்டவரா இருக்கணும்னு இல்லை. தெரிஞ்சுக்கிட்ட பிறகு தெரியாத மாதிரி பேச யாராலயும் முடியாது. நீங்க 95 வரை போவீங்கன்னு தெரிஞ்சா, ஓனர்கிட்ட 91க்கு என் வாய் எப்படி அழுத்திப் பேசும்?

சும்மா_ஒருவன் | புதன், மதியம் 2:10

எல்லாம் சொன்னீங்க. மேல வச்சு விக்கறதைப் பத்தி மட்டும் வாயே திறக்கலையே, ஐயா?

பழைய_தரகர் | புதன், மதியம் 2:45

கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். தெரியாதவங்களுக்காக: ஓனர்கிட்ட “உங்களுக்கு எவ்வளவு கைக்கு வரணும்?”னு கேட்டு 85ன்னு ஒரு விலையைப் பேசிடறது. அதுக்கு மேல எவ்வளவுக்கு வித்தாலும் மேல்தொகை தரகருக்கு. அந்த மாதிரி வியாபாரத்துல கணக்குப்பிள்ளை சொன்ன 0.16 எல்லாம் செல்லாது. நீங்க ஏத்தற ஒவ்வொரு ரூபாயும் நேரா தரகர் பைக்குப் போகும். அங்க அவர் உங்களை ஏத்தாம இருந்தாத்தான் அதிசயம். பல இடத்துல இதுக்குச் சட்டப்படியே தடை உண்டு.

நானும் ரெண்டு தடவை செஞ்சிருக்கேன். கண்டுபிடிக்கிற வழியும் சொல்லிடறேன். அப்படிப் பேசினவர் ஓனரையும் வாங்கறவரையும் ஒரே இடத்துல நிக்க விடமாட்டார். ஓனர் ஊர்ல இல்லைம்பார், உடம்பு சரியில்லைம்பார், “அவருக்குப் பேரம் பிடிக்காது”ம்பார். வாடகைக்காரன், ஓனர் நேர்ல பேசறதில்லைன்னு முதல் வரியிலயே எழுதியிருக்கீங்க. அது ஓனர் முடிவா, ஏஜென்ட் முடிவா?

வாடகைக்காரன் | புதன், மாலை 6:30

தெரியலை ஐயா. கேட்கவே தோணலை. இன்னைக்குக் கேட்கறேன்.

ஈரச்சுவர் | புதன், இரவு 8:00

நீங்க எல்லாரும் 90ஆ 98ஆன்னே பேசறீங்க. வீட்டுக்குள்ள யாராவது பார்த்தீங்களா? நான் வாங்கின வீட்ல படுக்கையறையில ஒரு சுவர் மட்டும் புது பெயின்ட், மத்த மூணும் பழசு. “ஓனர் பொண்ணு ஆசைப்பட்டு அந்தக் கலர் அடிச்சாங்க”ன்னார் ஏஜென்ட். முதல் மழையில பொண்ணோட ஆசை கொப்பளம் கொப்பளமா உரிஞ்சு விழுந்தது. பேர் அப்படி வந்ததுதான்.

உங்க ஆளை வச்சு வீட்டைச் சோதனை பண்ணுங்க. ஏஜென்ட் “நம்ம இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார்”னு சொல்ற ஆள் வேண்டாம். வக்கீலும் அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 9:25

ஈரச்சுவர் சொல்வதோடு இன்னொன்று. நாம் எல்லோரும் 100லிருந்து கீழே எண்ணுகிறோம். அந்த 100 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

1974இல் டிவெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்பார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் ஊகம் 25 அளவில். 65இல் நின்றதைப் பார்த்தவர்களுடையது 45 அளவில். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் கண்ணில் பட்ட எண் மனதைக் கட்டிப்போட்டுவிட்டது.

வீட்டு விலையிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 1987இல் வெளிவந்த ஆய்வு. நார்த்கிராஃப்ட், நீல் என்ற இருவர் அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு நிஜ வீட்டை அனுபவமுள்ள ஏஜென்ட்டுகளுக்கும் மாணவர்களுக்கும் சுற்றிக் காட்டி மதிப்புப் போடச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே விவரக் கட்டு. கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. உயர்ந்த விலையைப் பார்த்தவர்கள் உயர்ந்த மதிப்புப் போட்டார்கள், தாழ்ந்ததைப் பார்த்தவர்கள் தாழ்ந்த மதிப்பு. மாணவர்கள் அப்படிச் செய்தது பெரிதில்லை, தொழில் தெரிந்த ஏஜென்ட்டுகளும் அதே பக்கம் சாய்ந்தார்கள். கேட்டபோது, அந்த விலையைத் தாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்றார்கள்.

“இந்த வீடு 98 பெறும் சார்” என்று உங்கள் ஏஜென்ட் மனதார நம்பியே சொல்லலாம். அப்படியும் அது தவறாக இருக்கலாம். அதே தெருவில் அதே அளவு வீடுகள் கடைசியாக என்ன விலைக்குக் கைமாறின என்று பாருங்கள். கேட்ட விலை வேண்டாம், முடிந்த விலை.

நிலாமுற்றம் | புதன், இரவு 9:50

சட்டம் என்ன சொல்லுதுன்னு யாராவது கேட்பீங்க, அதனால சுருக்கமா. பிரிட்டன்ல 1979லயே எஸ்டேட் ஏஜென்ட்டுகளுக்குன்னு தனிச் சட்டம் வந்தது. 1991இல் வந்த ஆணைப்படி, வர்ற விலையை எல்லாம் ஏஜென்ட் உடனுக்குடன் எழுத்துல ஓனருக்குத் தெரிவிக்கணும், இல்லாத பார்ட்டியை இருக்கிறதாச் சொல்றது முறைகேடு. “90ன்னு போய்ச் சொல்ல முடியாது சார்”ங்கற பேச்சுக்கே அங்க இடமில்லை. அமெரிக்காவுல 2024 ஆகஸ்ட் 17லேர்ந்து, வாங்கறவருக்காக வேலை செய்யற ஏஜென்ட் வீட்டைக் காட்டறதுக்கு முன்னாடியே தன் கூலி எவ்வளவுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியாகணும், ஒரு பெரிய வழக்கு சமரசத்துக்குப் பிறகு வந்த விதி. இந்தியாவுல 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துல, பதிவு பெற்ற திட்டங்கள்ல விக்கிற ஏஜென்ட்டும் பதிவு பண்ணணும், பொய்யான தகவல் சொல்லக் கூடாது.

எந்தச் சட்டமானாலும் நாளைக்குக் காட்ட எழுத்து வேணும். அதனால வாடகைக்காரன், போன்ல பேசறதை நிறுத்துங்க. ஒரு தாள்ல எழுதுங்க: இந்த வீட்டுக்கு நான் தர்ற விலை இவ்வளவு, பாங்க் கடன் ஒப்புதல் கையில இருக்கு, இத்தனை நாள்ல பணம் முழுசும் தருவேன், இந்த விலை ஞாயிறு மாலை வரைதான். கீழே கையெழுத்து. “ஓனர் கையில இதைக் குடுத்துட்டு அவர் பதிலை எழுதி வாங்கிட்டு வாங்க”ன்னு பணிவா சொல்லுங்க. இன்னொரு பார்ட்டி பத்திப் பேசினா வாதாட வேண்டாம். “நல்லது, அவங்களும் எழுதிக் குடுக்கட்டும்”னு மட்டும் சொல்லுங்க.

அப்புறம் வீட்டம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க. சாண் போட்டது குத்தமில்லை, ஏஜென்ட் முன்னாடி போட்டதுதான்.

சும்மா_ஒருவன் | புதன், இரவு 10:01

நான் முதல்லயே சொன்னதைத்தான் எல்லாரும் நீட்டி முழக்கிச் சொல்றீங்க.

கடைசிப்படி | புதன், இரவு 10:06

இல்லை. நீங்க 90லயே நில்லுங்கன்னீங்க. அப்படி நின்னுதான் நான் தினமும் அந்தப் பால்கனியைப் பார்த்துட்டுப் போறேன்.

வாடகைக்காரன் | ஞாயிறு, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன், கொஞ்சம் நீளம்.

வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்ச இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போனேன். ஏஜென்ட்டுக்கு முகம் கொஞ்சம் சுருங்குச்சு, ஆனா தடுக்கலை. மொட்டைமாடியில தண்ணித்தொட்டிக்குக் கீழ ஒரு விரிசல், அதுக்கு நேர் கீழ சமையல்கட்டு சீலிங்ல மங்கலா ஒரு வட்டம். நான் ரெண்டு தடவை போயும் அதைப் பார்க்கலை. ரிப்பேருக்கு என்ன ஆகும்னு அவர் எழுதிக் குடுத்தார். பக்கத்துத் தெருவுல போன வருஷம் முடிஞ்ச ரெண்டு வீட்டு விலையையும் விசாரிச்சேன். நம்ம கணக்குல ஒண்ணு 94, ஒண்ணு 92.

அதை வச்சு 91ன்னு தாள்ல எழுதினேன், ஞாயிறு மாலை ஆறு மணி வரைன்னு போட்டேன். ஏஜென்ட் தாளை வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இதெல்லாம் எதுக்கு சார், நான் வாயால சொல்லிட மாட்டேனா?”ன்னார். ஓனரைப் பார்க்கணும்னு சொன்னேன். தயங்குவார்னு நினைச்சேன். “வாங்க, அவருக்குக் காது சரியா கேக்காது, அதான் போன்ல பேசமாட்டார்”னு வண்டியிலயே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டார். பழைய_தரகர் ஐயா, நீங்க சொன்ன சந்தேகம் இவர்கிட்ட பலிக்கலை.

ஓனர் பெரியவர். தாளைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் படிச்சார். ரிப்பேர் எஸ்டிமேட்டையும் படிச்சார். “தொட்டியை மாத்தணும்னு நானே நினைச்சுட்டு இருந்தேன்”னார். 95ன்னார். நான் ஒண்ணும் பேசலை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துட்டு இருந்தோம். ஏஜென்ட்தான் பொறுக்க மாட்டாம, “ஐயா, பாங்க் லெட்டர் கையில வச்சிருக்கார், இப்படி வர்றவங்க கம்மி”ன்னு அவர் காதுகிட்டப் போய் உரக்கச் சொன்னார். கணக்குப்பிள்ளை சொன்னது அப்ப ஞாபகம் வந்தது. கொல்லன் இப்ப அந்தப் பக்கத்து இரும்பை அடிக்கறார். 93ல கை குடுத்தோம்.

கிளம்பும்போது பெரியவரே சொன்னார். “இன்னொரு பையன் வந்து வந்து கேட்டுட்டு இருந்தான். 88க்கு மேல ஏற மாட்டேன்னுட்டான்.”

வீட்டுக்கு வந்து அந்த வாட்ஸப் மெசேஜைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். நிலாமுற்றம், நீங்க அன்னைக்கு எதுக்கு அப்படியே போடச் சொன்னீங்கன்னு இப்பதான் புரியுது. “இன்னொரு பார்ட்டியும் சீரியஸா இருக்காங்க. ஓனர்கிட்ட பேசிட்டு இருக்காங்க.” அவ்வளவுதான். என்னைவிட அதிகமா கேட்டாங்கன்னு அதுல எங்கயுமே இல்லை. அதை நான்தான் சேர்த்துக்கிட்டு இங்க வந்து எழுதியிருக்கேன்.

நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 9:30

வாழ்த்துகள்! புதன்கிழமையே எனக்கு அது உறுத்துச்சு, ஆனா உறுதியாத் தெரியாம சொல்ல வேண்டாம்னு விட்டேன்.

சும்மா_ஒருவன் | ஞாயிறு, இரவு 9:33

பொய் சொல்லலை, சரி. ஏமாத்தலையா? 88க்கு நிக்கிற ஆளைக் காட்டி ஒருத்தரை 98க்கு வரச் சொல்றதுக்கு உங்க தொழில்ல என்ன பேர், பழைய_தரகர் ஐயா?

பழைய_தரகர் | ஞாயிறு, இரவு 10:20

பேர் வைக்கலை தம்பி. வச்சிருந்தா செய்யக் கூச்சமா இருந்திருக்கும்.

வாடகைக்காரன், மொட்டைமாடி வேலையைப் பத்திரம் முடியறதுக்கு முன்னாடியே ஓனர் செலவுல முடிச்சுத் தரணுமா, இல்லை விலையில கழிச்சாச்சான்னு எழுதி வாங்கிட்டீங்களா? இல்லைன்னா நாளைக்கே வாங்குங்க. கமிஷன் எவ்வளவு, யார் தர்றது, எப்ப தர்றதுங்கறதையும் அதே தாள்ல. அந்த ஏஜென்ட்டுக்கும் அது நல்லது.

வாடகைக்காரன் | திங்கள், காலை 7:40

எழுதி வாங்கிட்டேன் ஐயா, நேத்தே. விலையில கழிச்சதுதான்.

நேத்து ராத்திரி வீட்டம்மா பழைய கட்டிலை டேப் வச்சு அளந்தாங்க. அந்த ரூம் சுவருக்கு நாலு விரல் அதிகம். சாண் போடும்போது ஏஜென்ட் பார்க்கறாரேன்னு பதட்டத்துல ஒரு சாண் கூடுதலா எண்ணிட்டாங்களாம்.